வெள்ளைக் கல் வடிகட்டி

தண்ணீர் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதில் நீர்த்தூய்மைத் துறைக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. கருத்தே கிடையாது என்று சொல்கிறவர்கள் வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள்.

அந்தத் துறையின் பொறியாளருக்கு மட்டும் இதில் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. அவருடைய மனைவியின் தம்பி, ஊரே குடிக்கிற அந்த ஏரியில் மீன் வளர்த்துப் பிழைப்பவன். மழை பெய்தால் வயலில் போட்ட உரமெல்லாம் கரைந்து ஏரிக்கு வரும். அதிலுள்ள பாஸ்பரஸைத் தின்று பாசி கொழுக்கும், மீன் மூச்சு முட்டிச் சாகும். போன மழைக்கே பாதி மீன் போய்ச் சேர்ந்துவிட்டது.

"இன்னொரு மழை இப்படிப் போச்சுன்னா மூணு வேளையும் உங்க வீட்டுலதான் மாமா சாப்பாடு" என்றான் மச்சினன், சிரித்துக்கொண்டே. அக்காள் சிரிக்கவில்லை. பொறியாளருக்கும் பகீரென்றது.

மனுஷன் மண்டையை உடைத்துக்கொண்டு வடிவமைத்தார். வாய்க்கால் ஏரியில் விழுகிற இடத்தில் பெரிய தொட்டி ஒன்று. அது நிறைய, இரும்பு உருக்கும்போது மிஞ்சுகிற கசடு. தண்ணீர் அதனூடே மெதுவாக இறங்கும்போது பாஸ்பரஸ் கசடோடு ஒட்டிக்கொள்ளும். அடியில் இருக்கிற துளைக்குழாய் வழியாக நல்ல தண்ணீர் ஏரிக்குப் போகும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

இயக்குநர் வரைபடத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னய்யா, கன்னங்கரேல்னு இருக்கு?"

"கசடு கறுப்பாத்தான் சார் இருக்கும்."

"தூய்மைத் திட்டத்துல கசடா? கேக்கிறவன் காறித் துப்ப மாட்டான்? இப்பல்லாம் எங்க பார்த்தாலும் வெள்ளைக் கூழாங்கல்தான் போடறாங்க. என் வீட்டு வாசல்லயே போட்டிருக்கேன்."

"வெள்ளைக் கல்லுல பாஸ்பரஸ் ஒட்டாது சார்."

"ஒட்டலைன்னா நல்லதுதானே? கல்லு சுத்தமா இருக்கும்."

இந்த வாதத்துக்குப் பதில் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. தவிர, பொறியாளரின் பதவி உயர்வு இயக்குநரின் கையில் இருந்தது. "நல்ல யோசனை சார்" என்றார்.

திறப்பு விழா ஜாம் ஜாமென்று நடந்தது. மறுநாளே ஒரு தூறல். கல்லெல்லாம் சேறு. இயக்குநர் குதிகுதியென்று குதித்தார்.

"வாய்க்கால் தண்ணியை யாருய்யா உள்ள விட்டது?"

"அதுக்குத்தானே சார் கட்டினோம்?"

"கட்டினா? கண்டதும் உள்ள வந்துடலாமா?"

ஆகவே, பொதுச் சொத்தைப் பேணும் உன்னத நோக்கத்துடன், வடிகட்டிப் பாதுகாப்பு மாற்று வாய்க்கால் ஒன்று வெட்டப்பட்டது. அழுக்குத் தண்ணீர் வடிகட்டியைத் தொடாமல், மரியாதையாகச் சுற்றிக்கொண்டு நேரே ஏரிக்குப் போகும். தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட ஒரு மதகு. அதையும் பொறியாளரே வடிவமைத்தார். தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு சொட்டுகூட வழி தவறாது.

பிறகு தொட்டிக்குள் லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிச் சோதித்தார்கள். பாஸ்பரஸ் மருந்துக்கும் இல்லை. விருது கிடைத்தது. புதுமணத் தம்பதிகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு வெள்ளைக் கல் கொட்டினார்கள்.

மச்சினன்தான் ஓடி வந்தான். "மாமா, மிச்சமிருக்கிற மீனாவது பிழைக்குமா?"

பொறியாளர் இயக்குநரிடம் போய், மச்சினன் கதையைச் சொல்லித் தலையைச் சொறிந்தார்.

"மீன் நம்ம துறை இல்லையேய்யா" என்றார் இயக்குநர். ஆனாலும் நல்ல மனசு. "பையனை நாளைக்கே வரச் சொல்லு. மதகுக்கு ஆள் வேணும். ஒழுங்கா இருந்தான்னா நிரந்தரம் பண்ணிடலாம்."

மச்சினன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டான். அக்காள் கண் கலங்கினாள், சந்தோஷத்தில்.

பெருமழை பட்டப்பகலில் வந்தது. வாய்க்கால் செக்கச்செவேலென்று பொங்கியது. குடை பிடித்துக்கொண்டு ஊரே கரையில் கூடிவிட்டது.

"கல்லு போச்சு! கல்லு போச்சு! சீக்கிரம் திருப்புப்பா!"

மச்சினன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். ஏரியைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான்.

"எல்லாம் என் மீனு மாமா."

பொறியாளர் உள்ளதைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். பாவம், நினைத்தார்.

"திருப்பு மாப்ளே" என்றார். "நிரந்தரம் ஆக வேணாமா?"

மச்சினன் திருப்பினான். ஒரு கல்லில்கூடச் சேறு படவில்லை. ஊர் கைதட்டியது.

சில நாளில் ஏரி பச்சைப் பசேலென்றாகி நாறியது. மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். ஜனங்கள் குடமும் கையுமாக வடிகட்டிக்கு ஓடி வந்தார்கள். பொறியாளர் பதறிப்போய் மச்சினன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

கூட்டத்தில் முன்னால் நின்றவர் குடத்தைச் சாய்த்துக் காட்டினார். "பாத்தியாப்பா, எவ்வளவு மோசமான தண்ணி! நல்லவேளை, இது வடிகட்டிக்குள்ள போகலை."

மச்சினன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தான். "நான் இருக்கேன்ல? ஒரு சொட்டு விட மாட்டேன்."