ஊரே சேர்ந்து தோற்கடித்த கூனிச் சம்பல்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, "எது நல்லாயிருந்தது?" என்று கேட்கக் கூடாது. உண்மை வராது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பட்டம், ஒரு மடிக்கணினி, ஒரு நாள் மானம் ஆகிய மூன்றும் செலவாயின. ஆனாலும் தலை நிமிர்ந்தே சொல்கிறேன்: எங்கள் ஊரான வாழைச்சேனையில் கணினி வைத்துச் சுவைச் சோதனை நடத்திய முதல் ஆள் நான்தான். (வேறு யாராவது நடத்தியிருந்தால் வந்து சொல்லட்டும், பார்ப்போம்.)

அந்த நாட்களுக்குச் சமாதான காலம் என்று பெயர். சோதனைச் சாவடிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. நான் உணவு விஞ்ஞானம் படித்து முடித்து, ஒரு உதவித் திட்டத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் கூட்டாகக் கூனிச் சம்பல் வறுத்துப் போத்தலில் அடைத்து விற்றார்கள். கூனி என்பது வாவியில் பிடிபடும் பொடி இறால். காயவைத்து, செத்தல் மிளகாயோடு வறுத்தால் அரை றாத்தல் பாண் (கடை ரொட்டிதான்) போன இடம் தெரியாது. சட்டிக்குப் பொறுப்பு பரிமளம் அக்கா. சண்டையில் புருஷனை இழந்து, இரண்டு பிள்ளைகளை அந்தச் சட்டியை வைத்தே வளர்த்துக்கொண்டிருந்தவர்.

கொழும்பிலிருந்து ஒரு கம்பனி மனேச்சர் வந்தார். மொத்தமாக வாங்க விருப்பம், ஆனால் அவர்களுடைய ஆட்கள் சீனி போட்டு, உறைப்பைக் குறைத்து, தாங்களும் ஒரு சம்பல் செய்து வைத்திருந்தார்கள். கூனி தின்று பழகிய சனத்துக்கு அது பிடித்துவிட்டால், கொழும்பு ஆலையிலேயே வறுத்துக்கொள்வார்கள். எங்கள் பெண்களிடம் காய்ந்த கூனியை மட்டும் எடுப்பார்கள். பிடிக்காவிட்டால் பரிமளம் அக்காவின் சம்பலே போத்தலில் போகும். எது என்று ஒரு சோதனை சொல்ல வேண்டும். அந்தச் சோதனையை அமைக்கிற பொறுப்பு என் தலையில். சோதனை கெடக் கூடாதென்று, மற்றச் சம்பலை யார் செய்தது என்பதை ஊரில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.

திட்டக்காரர் தந்த மென்பொருளை நான் அமைத்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சோதிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு கிண்ணம். எது யாருடையது என்று தெரியாதபடி கிண்ணங்களில் மூன்று இலக்க எண்கள். அவற்றைக் கணினியே குலுக்கிப் போடும். பாதிப்பேர் ஒன்றை முதலில் சுவைப்பார்கள், மீதிப்பேர் மற்றதை. கடைசியில் திரையில் இரண்டு எண்கள் வரும், பிடித்ததை அழுத்த வேண்டும். தமிழ் எழுத்துகள் பெட்டி பெட்டியாக வந்ததைச் சரிக்கட்டவே எனக்கு ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், போனது.

சோதனைக்கு ஆள் பிடித்துத் தரும் வேலையை என் மாமி ஏற்றார். (கோயில், சந்தை, கிணற்றடி, மாமி போகாத இடமில்லை.) முதல் நாள் திரையைக் காட்டினேன்.

"ரெண்டும் நல்லம் எண்டு அமத்த ஒரு பொத்தான் வையன் புள்ள," என்றார் மாமி.

"வைக்கேலா மாமி. ஒண்டத்தான் தெரிவு செய்யணும்."

"மறுகா மத்தத செஞ்சவட மனசு நோகாதா?"

"ஆரு செஞ்சதெண்டு ஆருக்கும் தெரியாது மாமி. நம்பர் மட்டும்தான்."

மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். படிக்காத மனிசி, விஞ்ஞானம் எங்கே விளங்கப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சனசமூக நிலையத்தில் சோதனை. மேசை, தண்ணீர், பாண் துண்டு எல்லாம் வரிசையாக. மனேச்சர் மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்தார். ஒருவர் கடைசி நேரத்தில் தோணியேறிப் போய்விட, முதலில் இது, முதலில் அது என்ற இரண்டு பிரிவுக்கும் ஆள் சமமாக வர வேண்டுமே என்று பரிமளம் அக்காவையே பிடித்து உட்காரவைத்தேன். எண்தானே தெரியும், அவருக்கு மட்டும் எப்படித் தெரியும் என்பது என் வாதம்.

சனம் வந்தது. ஒரு கிண்ணத்தைப் பாணால் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள். மற்றதை வாயில் வைத்து, கண்ணை மூடி, தண்ணீரோடு விழுங்கினார்கள். பிறகு கணினிக்கு முன்னால் வந்து ஒன்றை அழுத்திவிட்டு, என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். ஒரு அண்ணன் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். கணினியென்றால் எங்கள் சனத்துக்கு எவ்வளவு ஆசை என்று நான் பூரித்துப்போனேன்.

முடிவு வந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர ஊர் முழுக்கச் சீனிச் சம்பலைத் தெரிவு செய்திருந்தது.

"நல்ல தெளிவான முடிவு மிஸ். உங்களைப் பற்றித் திட்டக்காரருக்கு நல்லபடியாக எழுதுகிறேன்," என்று மனேச்சர் கையைக் குலுக்கினார்.

பரிமளம் அக்கா கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து அந்தச் சட்டிக்கு வேலையில்லை. நான் கொண்டுவந்த கணினி அதைச் சொல்லிவிட்டது. எங்கேயோ பெயரை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று பதறி, ஒவ்வொருவருடைய பதிலாகத் திறந்து பார்த்தேன். அமைப்பில் ஒரு பிழையும் இல்லை. பரிமளம் அக்காவின் பதிலுக்கு வந்ததும் நின்றேன். அவரும் சீனிச் சம்பலைத்தான் அழுத்தியிருந்தார்.

"அக்கா, உங்கட கையால வறுத்தது உங்களுக்கே தெரியல்லியா?"

"ஏன் தெரியாம? மணத்திலேயே தெரிஞ்சிட்டு."

"மறுகா ஏன் மத்ததுக்கு அமத்தினீங்க?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "அது நீ செஞ்சதெண்டு மாமி சொன்னா. நீ செஞ்சது தோத்தா உனக்கு வேலை இல்லையாமே. எங்கட சம்பல் ஊருக்கே தெரியும், மத்தது உன்டதாத்தானே இருக்கோணும். எனக்கு ரெண்டு கை இரிக்கி புள்ள, எப்பிடியும் பிழைப்பன். உனக்கு இந்த உத்தியோகம் போனா மறுகா ஆரு தருவா?"

வாசலில் நின்ற மாமியைத் திரும்பிப் பார்த்தேன். மாமி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தது தின்னேலாதுதான்," என்றார். "எண்டாலும் ஆளாளுக்குச் சொல்லித்தான் அனுப்பினன், புள்ளைய விட்டிராதீங்க எண்டு."

நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றுவரை வீட்டில் தகராறு. (அழுதேன். போதுமா?) ஊரே வாயில் வைக்க முடியாததை எனக்காக விழுங்கி, எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறது.

அழுதுகொண்டே மனேச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும், இந்த முடிவு செல்லாது என்றேன். அந்த மனிதர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "அப்போ கூனி தின்று பழகின, ஆனால் உங்களையும் இந்தச் சம்பலையும் தெரியாத ஆட்களை எங்கே பிடிப்பது?" என்று கேட்டார்.

எங்கள் நாட்டில் அதற்கா பஞ்சம். பெருந்தெருச் சாவடியில் தூர ஊர் பஸ்கள் மணிக்கணக்காக நிற்கும். அவருடைய வான் வண்டியிலேயே கிண்ணங்களையும் பாணையும் ஏற்றிப் போனோம். பசியோடு வரிசையில் நின்ற பயணிகள் முன்னால் மடிக்கணினியைத் திறந்தேன். உடனே ஒரு சிப்பாய் வந்தார். கிண்ணத்தில் என்ன இலக்கம், இந்தப் பெட்டி எதற்கு என்று கேட்டார். மனேச்சர் சிங்களத்தில் விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் கூடியது. நஞ்சில்லை என்று காட்ட நானே இரண்டையும் தின்றேன். பிறகு அவரும் தின்றார். ஒன்றில் முகத்தைச் சுளித்தார். மற்றதில் மூக்கு ஒழுக ஒழுக இன்னொரு பாண் துண்டு கேட்டு, யாரும் சொல்லாமலே பொத்தானைத் தானே அழுத்தினார்.

பஸ் சனமும் அதையேதான் அழுத்தியது. பரிமளம் அக்காவின் சம்பல் வென்றது. மனேச்சர் சாவடியிலேயே அதை ஒத்துக்கொண்டார், அவர் திட்டக்காரருக்கு எழுதிய கடிதத்தால் எனக்கு வேலையும் நிரந்தரமானது. அடுத்த வருடம் அக்கா இரண்டாவது சட்டி வாங்கினார்.

அதற்குப் பிறகு வெள்ளைச் சுவரும் தனித்தனிக் கூண்டும் வைத்த ஆய்வுகூடங்களில் எத்தனையோ சோதனை அமைத்துவிட்டேன். சோதிக்கிறவர்களில் யாருக்காவது என்னைத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்பேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இது ஏதோ பெரிய விதி என்று எழுதிக்கொள்வார்கள். வீட்டில் என் சமையல் பிசகினால் என் மகள் தம்பியிடம் மெல்லச் சொல்வாள், "அம்மாக்கு வேலை போயிரும், நல்லம் எண்டு சொல்லு." அதைக் கேட்டு என் புருஷன் சோற்றுக்குள் தலையைக் குனிந்து சிரிப்பார். போன வருடம் பரிமளம் அக்கா வந்திருந்தார். நானே வறுத்த கூனிச் சம்பலை வைத்தேன். சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லம் புள்ள," என்றார். அன்று முழுக்க நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.