கட்டாத ஜாடி

அக்கா அனுப்பியிருந்த செய்தியைக் கட்டுக்காரர் நான்காவது தடவையாக வாசித்தார். நான்கு தடவையும் அது ஒன்றையேதான் சொன்னது.

"லீவுக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க. இந்த வருஷம் பரிசு எதுவா இருந்தாலும் அப்படியே கொண்டு வரணும். அட்டைப்பெட்டி, காகிதம், டேப், கயிறு, வைக்கோல் எதுவும் கூடாது. பூமி தாங்காது. பரிசுலேருந்து விழற குப்பையை என் தராசுல நிறுத்துப் பார்ப்பேன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் காலத்தில் அவள் கடைத்தெருவில் நுழைந்தாலே எடைக்கற்கள் நிமிர்ந்து உட்காரும் என்பார்கள்.

"பொதுவா சொன்ன மாதிரி இல்லியே. எனக்குன்னே சொன்ன மாதிரி இருக்கு" என்றார் மனைவியிடம்.

மனைவி பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "வைக்கோல்னு எழுதியிருக்காங்களே. உலகத்துல வேற யாரு பரிசை வைக்கோல்ல சுத்திக் குடுக்கறா?"

கண்ணாடித் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவுக்கு அவர்தான் மேஸ்திரி. ஊரே கட்டுக்காரர் என்று கூப்பிடும். இருபத்திரண்டு வருடங்களில் அவர் கட்டி அனுப்பிய எதுவும் போய்ச் சேர்ந்த இடத்தில் உடைந்ததாகத் தகவல் இல்லை. கட்டி முடித்ததும் ஒவ்வொரு பெட்டியையும் இடுப்புயரத்துக்குத் தூக்கிக் கீழே விடுவார். குனிந்து காது கொடுத்துக் கேட்பார். உள்ளே சத்தமில்லை என்றால்தான் லாரியில் ஏற்றச் சொல்வார்.

அக்காவுக்குக் கொடுக்கும் பரிசுக்கும் அதே சட்டம்தான். வருடா வருடம் அவள் வீட்டு வாசலில் நின்று, இடுப்புயரத்திலிருந்து பொட்டலத்தைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். அக்கா வருடா வருடம் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள்.

பதினோரு வருடம், பதினோரு பரிசு. மேஜை விளக்கு, கிண்ணங்கள், சுவர்க்கடிகாரம், சின்னதாக ஒரு மீன்தொட்டிகூட. அவற்றில் ஒன்றையும் அக்கா வீட்டில் அவர் பார்த்ததில்லை. கூடத்தில் தேடுவார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறையை எட்டிப் பார்ப்பார். நசுங்கிய எவர்சில்வர் டம்ளரில்தான் தண்ணீர் வரும். அதைக் கொண்டுவந்து நீட்டும் அத்தானுக்கு வலது கட்டைவிரல் மடங்காது. "ஏதோ பழைய காயம்" என்பார். அவர் அதற்கு மேல் பேசுகிற ஆளில்லை.

பிடிக்கவில்லையா என்று அக்காவிடம் கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

"இந்த வருஷமாவது நான் குடுத்தது ஒண்ணு அவ வீட்ல வெளிய இருக்கணும். அவ சொன்னபடியே செஞ்சிடறேன்" என்றார்.

"உங்களால கட்டாம இருக்க முடியுமா?"

"என்னடி இது, குடிகாரனைக் கேக்கற மாதிரி கேக்கறே?"

"அவனாவது அப்பப்ப விட்டுடறான்" என்றாள் மனைவி.

மறுநாள் வேலை முடிந்து, இயற்கைக்குக் கெடுதல் செய்யாத பரிசுகள் விற்கிற கடைக்குப் போனார். கடைக்காரர் பழுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"மூங்கில் சீப்பு சார். மண்ணுல போட்டா மக்கிப் போயிடும்."

"மேல இருக்கற உறை?"

"அது மக்காது சார்."

"சரி, அது என்ன?"

"சணல் பை சார்."

"பைக்கு எதுக்குப் பிளாஸ்டிக் பை?"

"அழுக்காயிடக் கூடாதில்ல சார்? பொருள்னா ஒரு பாதுகாப்பு வேணுமே!"

வாழ்நாள் முழுக்கக் கட்டுக்காரர் சொல்லிவந்ததைத்தான் கடைக்காரர் திருப்பிச் சொல்லியிருந்தார். வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

"ஒரு செடி வாங்கிக் குடுங்க. செடிக்கு எதுக்குக் கட்டு?" என்றாள் மனைவி.

நல்ல யோசனைதான். மண்தொட்டியில் ஒரு ரோஜாச் செடி வந்தது. பால்கனியில் வைத்தார். காற்று அடித்தது. இலைகள் ஆடின.

ஆடுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரே ஒரு கிளைக்கு ஒரு நூல் கட்டினார். நூல் நிற்க ஒரு குச்சி, குச்சி அசையாமல் இருக்கக் கொஞ்சம் சணல். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? இரண்டு நாள் கழித்துத் துணி உலர்த்தப் போன மனைவி பால்கனியில் ஒரு அழகான உருளையைக் கண்டாள்.

"செடி எங்க?"

"உள்ளதான் இருக்கு. ஒரு இலை ஆடாது. போட்டும் பார்த்துட்டேன், ஒரு சத்தம் இல்ல."

"எப்படிங்க சத்தம் வரும்? அது உயிரோட இருந்தாத்தானே!"

முடிச்சு முடிச்சாக அவிழ்த்து முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. செடி பழைய ஊறுகாய் போலக் கிடந்தது. தொட்டி மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அவருக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. மண்ணைக் கிளறி அதைப் புதைத்தார்.

புறப்பட இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. தொழிற்சாலையில் கண்ணாடி ஊதுகிறவரைக் கேட்டு ஒரு ஜாடி செய்யச் சொன்னார். உடைந்த கண்ணாடித் துண்டுகளையே உருக்கி ஊதிய தண்ணீர் ஜாடி. லேசான பச்சை, கைப்பிடிக்குக் கீழே சிறைப்பட்ட ஒரு காற்றுக் குமிழி. விளக்கொளியில் வைத்துப் பார்த்தபோது மனைவியே அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"குப்பையிலேருந்து பொறந்தது. இதைவிடப் பூமிக்கு என்ன நல்லது செய்ய முடியும்?" என்றார் அவர்.

"எல்லாம் சரி. எப்படிக் கொண்டு போவீங்க?"

அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். தின்று தீர்க்கக்கூடியதில் வைத்துக் கட்டினால் குப்பை ஏது? ஒரு கிலோ மக்காச்சோளம் வாங்கிப் பொரித்தார். என்ன வெடிக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். எவர்சில்வர் வாளியில் பொரியைக் கொட்டி, நடுவே ஜாடியை இறக்கி, மேலேயும் பொரியை நிரப்பினார். வாளி திரும்பி வந்துவிடும், பொரியை எல்லோரும் தின்றுவிடலாம். அவர் வாழ்க்கையில் இதைவிடப் புத்திசாலித்தனமாக எதையும் கட்டியதில்லை.

காலையில் வாளி கறுப்பாக இருந்தது. எறும்புகள் சுற்றத்தோடு வந்திருந்தன. வாளியிலிருந்து சர்க்கரை டப்பாவுக்கும் அங்கிருந்து படுக்கைக்கும் பாதை போட்டிருந்தன.

"எறும்பும் குப்பையில சேருமா?" என்று கேட்டார் பரிதாபமாக.

"உங்க அக்கா அதையும் நிறுத்துடுவாங்க" என்று மனைவி ஜாடியைப் பிடுங்கிக் குழாயடியில் கழுவினாள். கழுவிய ஜாடியைத் துடைத்து அவர் கையில் வைத்தாள். "பேசாம இப்படியே தூக்கிட்டு வாங்க. ரெண்டு கையும் எதுக்கு இருக்கு?"

பேருந்தில் இரண்டரை மணி நேரம். அவர் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேகத்தடை வரும்போதெல்லாம் இருக்கையை விட்டு அரையடி எழுந்து, அதிர்ச்சியைத் தம் முழங்காலில் வாங்கிக்கொண்டார். மூக்கு அரித்தபோது மனைவி சொறிந்துவிட்டாள்.

நடத்துநர் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். "உள்ள என்ன சார்?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா இந்தப் பாடு?"

உடுப்பில்லாமல் தெருவில் நிற்பதுபோல அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பேருந்து நின்றபோது ஜாடி முழுசாக இருந்தது. கட்டாமல் ஒரு கண்ணாடிச் சாமானை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறோம் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

அக்கா கதவைத் திறந்தாள். பின்னால் அத்தான். அக்காவின் பார்வை ஜாடியில் விழுந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"தம்பி! எவ்வளவு அழகா இருக்குடா! பச்சைக் கலரு... உள்ள ஒரு குமிழி வேற! எனக்கா இது?"

பதினோரு வருடத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். கட்டுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவர் எதையும் யோசிக்கவில்லை. கைகளுக்கு யோசிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவை ஜாடியை இடுப்புயரத்துக்குக் கொண்டுவந்தன. விட்டன.

இந்த வருடம் அக்கா கண்ணை மூடவில்லை. முழுசாகப் பார்த்தாள்.

பழக்க தோஷத்தில் அவர் குனிந்து காதுகூடக் கொடுத்துவிட்டார்.

"ஐயோ..." என்றாள் மனைவி. மெதுவாகத்தான் சொன்னாள்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

"தராசைக் கொண்டா அக்கா."

"தராசு கெடக்குது. கையைக் கிழிச்சுக்காதேடா."

"இல்ல, நிறுத்துடு. ஒண்ணரைக் கிலோ வரும். குப்பைதான் நான் குடுத்தது." குரல் உடைந்தது. இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "பதினோரு வருஷமா குடுத்தேன்கா. ஒண்ணைக்கூட உன் வீட்ல பார்த்ததில்ல. பிடிக்கலேன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தானைப் பார்த்து வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள். அத்தான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கட்டுக்காரரின் தோளைப் பிடித்து எழுப்பி, உள்ளறைக்கு அழைத்துப் போய் அலமாரியைத் திறந்தார்.

பதினோரு பொட்டலங்களும் இருந்தன. தூசி துடைத்து, வருடவாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றின் முடிச்சுகூட அவிழ்ந்திருக்கவில்லை.

கட்டுக்காரர் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "பிரிச்சுக்கூடப் பார்க்கலியா அத்தான்?"

அத்தான் மடங்காத கட்டைவிரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"முதல் வருஷம் கத்தி வெச்சுப் பார்த்தேன், ஏழு தையல். ரெண்டாவது வருஷம் ரம்பம். உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் உங்க அக்கா இந்த வருஷம் பூமி மேல பழியைப் போட்டா. நீங்க கட்டினது ஒண்ணைக்கூட எங்களால பிரிக்க முடியல மச்சான்!"