தொண்டை மாஸ்ரர் ஏற்றிய உசார்

காலே இல்லாமல்கூட உதைபந்தாட்டம் வெல்லலாம், தொண்டை இருந்தால் போதும் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் தொண்டை மாஸ்ரர். அறுபதுகளில் புங்குடுதீவில் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தார். அவர் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினால் நயினாதீவுக்குப் போகிற வள்ளத்தில் இருப்பவர்களும் பாடமாக்கிவிடுவார்கள். அவர் பந்தைத் தொட்டதாகச் சாட்சி சொல்ல மட்டும் ஒருவரும் இல்லை.

எங்கள் அணிக்கு வெல்லும் பழக்கம் இருக்கவில்லை. அந்த வருடம் பள்ளிக்கூட அதிபர் பொறுமை இழந்தார். ஊர்காவற்றுறைப் பையன்களிடம் இந்த முறையும் தோற்றால் மைதானத்தில் தென்னம்பிள்ளை வைப்பேன் என்று சொல்லிவிட்டார். நான்தான் கோல்கீப்பர். பள்ளிக்கூடத்தில் எனக்கென்று இருந்த மரியாதை எல்லாம் அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில்தான்.

“பெடியளுக்கு உசார் காணாது. அதை நான் ஏத்திறன்,” என்றார் மாஸ்ரர்.

போட்டிக்கு முதல்நாள் முழுப் பள்ளிக்கூடத்தையும் மண்டபத்தில் கூட்டினார். தானே எழுதிய பன்னிரண்டு வரி வீரப்பாட்டைச் சொல்லித் தந்தார். முன்வரிசை நாலாம் வரியில் நிற்க, பின்வரிசை முதலாம் வரியையே தேடிக்கொண்டிருந்தது.

“ஏலாது சேர், நீளம் கூடிப்போச்சு,” என்றாள் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி.

“அப்ப எல்லாரும் ஒண்டாச் சொல்ல உங்களுக்கு என்னதான் தெரியும்?”

“அரோகரா தெரியும் சேர்.”

மாஸ்ரரின் முகம் மலர்ந்துவிட்டது. “எங்கட பள்ளிக்கூடத்துக்கு…” என்று எடுத்துக் கொடுத்தார். “அரோகரா” என்றது மண்டபம். தேர்த்திருவிழாவில் நிற்பதுபோல அத்தனை கைகளும் தலைக்குமேல் குவிந்தன. அதிபருடைய கைகளும் போயின. அவர் கக்கத்தில் இருந்த பைல் கீழே விழுந்தது.

மறுநாள் போட்டியில் கடைசி ஐந்து நிமிடம் வரை இரு பக்கமும் கோல் இல்லை. அப்போது ஒரு பந்து என்னை நோக்கி உருண்டு வந்தது. உதைத்தவனே வெட்கப்பட்டிருப்பான், அவ்வளவு மெதுவாக. எனக்கு உசார் ஏற்ற இதுதான் நேரம் என்று மாஸ்ரர் முடிவெடுத்தார்.

“எங்கட பள்ளிக்கூடத்துக்கு…”

“அரோகரா.”

என் கைகள் தலைக்குமேல் குவிந்துவிட்டன. பந்து என் கால்களுக்கிடையால் அவசரப்படாமல் உள்ளே போனது.

தோற்றபின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதிபர் என்னை நோக்கி வேகமாக வந்தார். மாஸ்ரர் ஓடிவந்து நடுவில் நின்றார்.

“பெடியனை ஒண்டும் சொல்லாதேங்கோ. பிழை என்ர தொண்டையில. தென்னம்பிள்ளையை என்ர வீட்டு வளவுக்க வையுங்கோ. வாற வருசம் நான் வாய் திறக்கமாட்டன்.”

அதிபர் தன் கைகளைப் பார்த்தார். “எனக்கும் கை மேலதான் போச்சுது,” என்று மெல்லச் சொன்னார். மைதானம் தப்பியது.

அடுத்த வருடம் மாஸ்ரர் சட்டைப்பையிலிருந்த, முகம் துடைக்கிற லேஞ்சியை வாய்க்குள் அடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். நாங்கள் ஒரு கோல் போட்டோம். கடைசி நிமிடத்தில் வந்த பந்தை நான் நெஞ்சோடு கட்டிப் பிடித்தேன். விசில் ஊதியதும் அவரைத்தான் பார்த்தேன். லேஞ்சி வாயிலேயே இருந்தது. கண்ணால் நீர் ஓடிக்கொண்டிருந்தது. கைகள் இரண்டும் தலைக்குமேல் இருந்தன.

அந்தத் தொண்டையை எவ்வளவோ கேலி செய்தவன் நான். அன்றைக்கு அது ஒருதரம் திறக்காதா என்று ஏங்கிப்போனேன்.