கீழ்வீட்டுக்கு இறங்கிப் போன தோட்டம்

பாசமும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து மைத்துனருக்கு எழுதுவது.

இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அக்கா, பிள்ளை பெற்ற மகள், பிறந்த குட்டி எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். மகளுக்கு ஒத்தாசையாக வந்திருக்கும் உங்கள் தங்கையும், அதாவது என் வீட்டுக்காரியும், நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக, அவள் அங்கேயே நலமாக இருக்க வேண்டும். வருகிற சனிக்கிழமை கிளம்புகிறாளாமே? எப்படியாவது இன்னும் ஒரு மாதம் பிடித்து வையுங்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவளிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள்.

எங்கள் வீடு சரிவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். பின்கதவைத் திறந்தால் படி, அதைத் தாண்டித் தோட்டம், அது அப்படியே சாய்ந்துபோய்த் தையல்காரம்மா வீட்டு வேலியில் முடியும். அந்தச் சரிவு முழுக்கப் புல்லும் புதருமாக வளர்த்து வைத்திருந்தாள் உங்கள் தங்கை, நடுவில் அவளுடைய கொய்யா மரம். நானோ ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தரையில் ஒரு பஞ்சுத் துணுக்கு கிடந்தாலே எனக்குச் சோறு இறங்காது. இத்தனை வருஷம் அந்தக் காட்டைப் பார்த்துப் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்ததே பெரிய விஷயம். அவ உங்க ஊருக்குக் கிளம்பி வந்ததும், திரும்பி வரும்போது அசந்து போகட்டும்னு இறங்கிட்டேன். புல்லை வேரோட பிடுங்கினேன், புதரை வெட்டினேன், சருகு ஒண்ணு விடாம கூட்டி அள்ளினேன். வார்டைக் கழுவினா தண்ணி தேங்காம ஓடணும் இல்லையா, அதே கணக்குல மேலேருந்து கீழே வரைக்கும் நேரா நேரா வாய்க்கால் வேற இழுத்துவிட்டேன். முடிச்சிட்டுப் படியில நின்னு பார்த்தேன். அடடா, செருப்போட மிதிக்க மனசு வரல!

அன்னிக்குச் சாயங்காலமே மழை பிடிச்சுது. நல்லா அலசி விடும்னு ஜன்னல்ல நின்னு ரசிச்சேன். அலசத்தான் அலசிச்சு. ஒவ்வொரு வாய்க்கால்லயும் தண்ணி காப்பி நிறத்துல பாயுது, பாயப் பாய வாய்க்கால் பள்ளமாகுது, பள்ளம் குழியாகுது, துணி காயப்போடுற கம்பம் தள்ளாடித் தள்ளாடிப் போய் வேலி மேல சாஞ்சுடுச்சு. மழை விட்டதும் கதவைத் திறந்து வழக்கம்போல இறங்கினேன் மச்சான். படி இருக்கு, படிக்குக் கீழே தரையைக் காணோம்! முழங்கால்ல இன்னும் கட்டு இருக்கு.

நொண்டிக்கிட்டே கீழே போனா, தையல்காரம்மா முற்றத்துல நம்ம மேல்மண் மெத்தை விரிச்ச மாதிரி கிடக்கு. "என்ன சார், உங்க தோட்டம் எங்க வீட்டுக்கு விருந்தாட வந்திருக்கு, எப்போ கூட்டிட்டுப் போறீங்க?"னு கேக்குறாங்க. மானம் போச்சு. வாளி வாளியா சுமந்து மேல கொட்டினேன். அடுத்த மழைக்கு அத்தனையும் எனக்கு முன்னாடி கீழே போய் உக்காந்துக்கிச்சு.

அப்போதான் ஒரு மூலை கண்ணுல பட்டுது. முள்ளு குத்துதுன்னு சோம்பேறித்தனமா புல்லு பிடுங்காம விட்ட இடம். அங்க மட்டும் மண்ணு ஒரு கைப்பிடி கூட நகரல! கடவுளே, புல்லுதான் மண்ணைப் பிடிச்சு வெச்சிருந்துதா, நான் அதையா பிடுங்கினேன்னு தலையில அடிச்சிக்கிட்டேன். இப்போ சரிவுக்குக் குறுக்கே வரிசையா கல்லு அடுக்குறேன். வாய்க்காலையெல்லாம் மூடியாச்சு. போறவங்க வர்றவங்ககிட்ட புல்லுக் கத்தை கேட்டு வாங்கி நடுறேன். தெருவுல கிடக்குற சருகை மூட்டை கட்டிக் கொண்டுவந்து தோட்டத்துல பரப்புறேன். குப்பையை வீட்டுக்குள்ள கொண்டுவந்து கொட்டுறேன் மச்சான், நானு!

என் கவலை படியும் இல்லை, கம்பமும் இல்லை. கொய்யா மரத்தோட வேர் பாதி வெளியே தெரியுது. கல்யாணமான புதுசுல அவ வெச்ச மரம். என்கூட சண்டை போட்டா அதுகிட்டதான் போய் என்னைப் பத்திக் குறை சொல்லுவா. இன்னொரு பெருமழையில அது சாஞ்சுட்டா அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நெஜமாவே பயமா இருக்கு. புல் வேர் பிடிக்கும் வரை அவள் வரவே கூடாது.

அக்காவுக்கு என் வணக்கம். மகளுக்கு என் அன்பு. குட்டி ராவும் பகலும் அத்தைப் பாட்டியின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு நீடூழி வாழ என் மனமார்ந்த ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன் (இப்போதைக்கு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தோட்டத்தில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் உங்கள் தங்கை! தையல்காரம்மா வீட்டு வழியாகச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவில் ஏறி வருகிறாள். முதல் மழையன்றே தையல்காரம்மா போன் போட்டுச் சொல்லிட்டாங்களாம். உங்களுக்கும் தெரியுமாம். நான் போன் பண்ணும்போதெல்லாம் நீங்க இருமினது சிரிப்பை மறைக்கத்தானா? அவ மரத்தைச் சுத்தி வந்தா, வேரைத் தொட்டுப் பார்த்தா, நான் அடுக்கின கல்லைக் காலால தட்டிப் பார்த்தா. "ம், நிக்கும்"னா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அடுத்த வார்த்தை, "புல்லு வேர் பிடிக்கிற வரைக்கும் நீங்க இந்தப் பக்கமே இருக்கக் கூடாது, அண்ணன் வீட்டுக்குக் கிளம்புங்க." ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம், சனிக்கிழமை நான் அங்கு வருகிறேன், ஒரு மாதம் என்னைப் பிடித்து வையுங்கள். அப்புறம், உங்க வீட்டுப் பின்பக்கம் புல்லு மண்டிக் கிடந்துதே? அது சமதரைதானே, ஒண்ணும் ஆகாது. மண்வெட்டி அங்கே இருக்கா, இல்லை நான் கொண்டுவரட்டுமா?

அண்ணா, மண்வெட்டியை ஒளிச்சு வை. துடைப்பத்தையும். — தங்கை