கைக்குட்டையில் படாத கறை

டயர் கடை மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் அற்புதத்துக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. இருமல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். படிக்கட்டில் தொடங்கும் வரிசை பேருந்து நிறுத்தம்வரை நிற்கும். எல்லார் கையிலும் ஒரு சிகரெட் பெட்டி. எல்லார் முகத்திலும் இனி சாவே கிடையாது என்கிற களை.

மேலே இருப்பவர் புகைச்சாமி. சிகரெட்டை விடச் சொல்லாத ஒரே சாமி. அதுதான் அவருடைய முதல் அற்புதம். பெட்டிக்குள் போட்டுக்கொள்ள, காசு வாங்கிக்கொண்டு ஒரு செப்புத் தகடு தருவார். அது நஞ்சையெல்லாம் உறிஞ்சிவிடுமாம். கூடவே பெட்டியின் மேல் ஒட்ட அவருடைய சிரித்த முகம் போட்ட ஒரு ஸ்டிக்கர். அரசாங்கம் அழுகிய நுரையீரல் படம் போட்டிருக்கிறதே, சரியாக அதே அளவு. அருள் என்றால் அளவெடுத்துத்தான் இறங்கும்.

"முன்னாடி பயந்து பயந்து நாளைக்குப் பத்துதாம்மா," என்றார் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பேருந்து ஓட்டுநர். "தகடு வந்தப்புறம் தைரியமா இருபது."

நான் சிரிக்கவில்லை. என் அப்பா இருபத்தைந்து.

அப்பா சலவைக்கடை வைத்திருக்கிறார். போன வருஷம் டாக்டர் அவருடைய நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். ஆறு வாரம் நிறுத்தினார். அந்த ஆறு வாரமும் நான் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு தகடு வந்தது. அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். ராத்திரி அவர் இருமினால் எண்ணுவேன். நின்றதும் மூச்சு வருகிறதா என்று சுவரில் காதை வைப்பேன். பதினைந்து வயதில் சுவரோடு ஒட்டிக்கொண்டு தூங்குகிறேன் என்று அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

இதில் பெரிய கூத்து, அப்பா அங்கே வெறும் பக்தர் இல்லை, நீதிபதி. புகைச்சாமி முதலில் தகடு இல்லாத சிகரெட்டைப் பற்றவைத்து, வெள்ளைக் கைக்குட்டையை வாயில் பொத்தி ஊதுவார். பழுப்பாக ஒரு வட்டம் விழும். கூட்டம் முகம் சுளிக்கும். அடுத்து, தகடு வைத்த பெட்டியிலிருந்து ஒன்று. ஒரு இழுப்பு, கண்ணை மூடி மனசுக்குள் மந்திரம், புதுக் கைக்குட்டையில் ஊதல். கறை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. உடனே அப்பாவை மேடைக்குக் கூப்பிடுவார். இருபது வருஷம் கறையோடு குடித்தனம் நடத்தியவர் சொல்லட்டும் என்பார். அப்பா காலரைச் சரிசெய்துகொண்டு கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார்: "சுத்தம்."

கடையில் அவர் பேச்சே வேறு. கறையை மாயமாக்கித் தரச் சொல்லி யாராவது துணி கொண்டுவந்தால், கறை அழியாது, இடம்தான் மாறும், துணியிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து சாக்கடைக்கு என்று அரைமணி நேரம் பாடம் எடுப்பார். அந்தப் பாடம் மாடிப்படி ஏறாது போலிருக்கிறது.

மூன்று ஞாயிறு நான் மந்திரத்தை விட்டுவிட்டு மந்திரக்காரரின் உடம்பையே பார்த்தேன். முதல் தடவை கன்னம் உப்புகிறது. புகையை உள்ளே இழுக்காமல் அப்படியே ஊதிவிடுகிறார். இரண்டாம் தடவை நெஞ்சு உப்புகிறது. மந்திரம் முடியும்வரை புகை நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது.

இன்று அப்பா தீர்ப்பு சொன்னதும் எழுந்தேன்.

"அப்பா, கறை எங்க போச்சு?"

"தகடு இழுத்துடுச்சு பாப்பா. உக்காரு."

"அப்ப தகடு அழுக்கா இருக்கணுமே. உங்களுத எடுத்துப் பாருங்க."

அப்பா சட்டைப்பையிலிருந்த பெட்டியைத் திறந்து எடுத்தார். நாலு மாசமாக நஞ்சு குடித்த தகடு, முகம் பார்க்கலாம் போல மின்னியது. அது தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்று புகைச்சாமி விளக்கினார். சலவைக்காரரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. அப்பாவின் புருவம் ஏறியது.

"நீங்களே ஊதுங்கப்பா. அதே பெட்டியில இருந்துதான். ஆனா உள்ள இழுக்காதீங்க, வாயோட."

சந்தேகம் வந்தால் சக்தி போய்விடும் என்று புகைச்சாமி அவசரப்பட்டார். அதற்குள் அப்பா பற்றவைத்துவிட்டார். கன்னம் உப்பியது. கைக்குட்டையில் பழுப்பு வட்டம், அழுத்தமாக. பிறகு யாரும் சொல்லாமலே, தகடு வாங்காத ஒருவரிடம் ஒரு சிகரெட் வாங்கினார். ஆழமாக இழுத்து, மந்திர நேரம் பொறுத்து, இன்னொரு கைக்குட்டையில் ஊதினார். தகடு இல்லாமலே வெள்ளை.

இரண்டு கைக்குட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றார். கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அப்புறம் அவரே இருமினார்.

"இதுல படாதது எங்கயும் போகல," என்றார், நெஞ்சில் கை வைத்து. "இங்கதான் இருக்கு."

புகைச்சாமி பின்பக்கப் படி வழியாக அருள்பாலித்துவிட்டுப் போனார். கூட்டத்தில் பாதிப்பேர் தகட்டை வீசினார்கள். மீதிப்பேர் இதைவிடச் சக்தியான தகடு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டே படி இறங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பெட்டியிலிருந்த சாமி முகத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் அந்த நுரையீரல். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பெட்டியை என்னிடம் நீட்டி, ஒளித்து வைக்கச் சொன்னார். நாளைக்கே திருப்பிக் கேட்பார், எனக்குத் தெரியும். கொடுக்க மாட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் இருமல் கேட்கிறது. எண்ணிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உண்மையைப் பெட்டிக்குப் பெட்டி சும்மாவே அச்சடித்துக் கொடுத்தார்கள். நாம்தான் காசு கொடுத்து ஒரு பொய்யை வாங்கி அதன்மேல் ஒட்டினோம். உங்கள் பெட்டியில் யாராவது சிரித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள்.