இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்

நான் கடைக்குட்டி, வயது இருபத்து நான்கு, இப்போது இருப்பது ஆபீஸ் மாடிப்படியில். வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது; சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பப் போகிறேன். அக்கா, அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது பதறாமல் படி.

இந்த வாரம் என் வேலையை நிரந்தரமாக்குவார்கள், இல்லை அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் விசாவும் போகும், பெட்டி கட்ட வேண்டியதுதான். அதனால் இன்று மேனேஜர் சொன்னதை ரொம்பக் கவனமாகச் செய்தேன். அதுவே வினையாகிவிட்டது.

எங்கள் பெரிய கம்ப்யூட்டரில் முக்கியமான கட்டளை எதற்கும் முன்னால் ‘சூடோ’ என்று அடிக்க வேண்டும். எல்லா உரிமையும் உள்ள அட்மின் குரூப்பில் இருப்பவர் அடித்தால்தான் அது கேட்கும். நின்றுபோன பிரின்டரை மறுபடி ஓட்டும் கட்டளையை மட்டும் ரிசப்ஷன் குரூப்புக்கும் கொடுக்கச் சொன்னார் மேனேஜர். கொடுத்தேன். வேலை செய்கிறதா என்று பார்க்க என்னையும் அந்தக் குரூப்பில் சேர்த்தேன். சேர்க்கும்போது, பழைய குரூப்பும் இருக்கட்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே நுழைந்தால், நான் அட்மின் இல்லை. வெறும் ரிசப்ஷன். என்னைத் திரும்ப அட்மினில் சேர்க்கும் கட்டளையை அடித்தேன்.

“உனக்கு உரிமை இல்லை. இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்” என்றது திரை.

யாரிடம்? தெரியவில்லை. புகாரை அழிக்கப் பார்த்தேன். அதற்கும் உரிமை இல்லை. அதற்கும் ஒரு புகார்.

மேனேஜரைக் கூப்பிட்டேன்.

“சார், உங்க பேர்ல உள்ள போய் என்னைத் திரும்பச் சேர்த்து விடுங்க. ஒரு நிமிஷ வேலை.”

அவர் கையைக் கட்டிக்கொண்டார். “நானே செஞ்சு குடுத்தா நீ எப்பக் கத்துக்கறது?”

“கத்துக்கிட்டேன் சார்.”

“இல்ல, இன்னும் யோசி.”

யோசித்தேன். எனக்கு மிச்சமிருந்த ஒரே அதிகாரம் பிரின்டர். அதையாவது ஒழுங்காகச் செய்து காட்டலாமென்று ஓட்டினேன். எப்போதோ சிக்கி நின்றதெல்லாம் மொத்தமாக வர ஆரம்பித்தது. நிறுத்தும் கட்டளை அட்மினுக்கு மட்டும். பதறி மறுபடி ஓட்டினேன். முதல் பக்கத்திலிருந்து வந்தது.

ரிசப்ஷன் அக்கா ஓடி வந்தார். “என்ன தம்பி, ஊருக்கே அச்சடிக்கறியா?”

“நிக்க மாட்டேங்குதுக்கா.”

“எனக்கும் ஏதோ கட்டளை குடுத்தியே, அதை அடிச்சுப் பாக்கறேன்.”

“வேணாங்கா, அது...”

அடித்துவிட்டார். மறுபடி முதல் பக்கம்.

“சார், நீங்க ஒரு வரி அடிச்சாப் போதும்” என்று கெஞ்சினேன்.

மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை.

அக்கா பிரின்டர் வயரைப் பிடுங்கினார். கணுக்கால்வரை காகிதம்.

பெட்டியில் எதை முதலில் வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

“உன் வேலை நிரந்தரம்.”

“சார்?”

“அட்மின் வேலைக்கு இன்னொரு ஆளும் கேட்டிருக்கேன். நீ மட்டும் நடந்ததை ஹெட் ஆபீஸுக்கு எழுதிப் போடாத.”

“அப்ப அந்தப் புகாரு?”

“அதெல்லாம் எவன் படிக்கறான்” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன்.

“இவ்வளவு கெடுத்தவனுக்கு எதுக்குக்கா வேலை நிரந்தரம்?”

“அவரும் இதே மாதிரி அட்மின்லருந்து தன்னையே வெளிய தள்ளிக்கிட்டவர்தான் தம்பி. ஹெட் ஆபீஸ்ல சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, அட்மின் உரிமையோட புதுசா ஒரு ஆள் வேணும்னு கேட்டாரு. அந்த ஆள்தான் நீ.”

இதைப் படிப்பவர்களில் கம்ப்யூட்டர் படித்தவர் யாராவது இருந்தால், தயவுசெய்து எங்கள் ஆபீஸுக்கு உடனே ஒரு விண்ணப்பம் போடுங்கள்.