பூசணிக்காய் வேண்டாத பல்லி

பல்லி பூசணிக்காய்த் துண்டை ஒரு தடவை பார்த்தது. பிறகு சண்முகநாதனைப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சாப்பிடு ராசா" என்று கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து கெஞ்சினார் அவர். கூட்டுறவுக் கடை மனேஜர், வயது ஐம்பத்தெட்டு. பெற்ற மகளைக்கூட இப்படிக் கெஞ்சிச் சாப்பிட வைத்ததில்லை.

அது சுவரில் ஓடும் பல்லி அல்ல. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட சிறுத்தைப் பல்லி. மகள் தர்சினிக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை கோபிசங்கர், இரண்டு கிழமைப் பயிற்சிக்குச் சிங்கப்பூர் போகும்போது, "மாமா, இது என்ரை உயிர். உங்களை நம்பி விட்டிட்டுப் போறன்" என்று ஒப்படைத்தது. ஐப்பசியில் கலியாணம். அதற்குள் மாப்பிள்ளையின் உயிரைப் போக்கிய மாமனார் என்று பேர் எடுத்துவிடுவேனோ என்று அவருக்கு உள்ளூர நடுக்கம்.

சிறுத்தைப் பல்லிக்கு உயிருள்ள பூச்சிதான் சாப்பாடு. ஆனால் நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது.

"கொடியேறின பிறகு என்ரை வீட்டுக்குள்ளை ஒரு பூச்சியும் சாகக்கூடாது" என்றாள் மனைவி குணலட்சுமி. "நாங்கள் இருபத்தைஞ்சு நாளும் மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் தொடுறேல்லை. அதுவும் சைவம் சாப்பிடட்டும்."

"அதுக்குச் சைவமெண்டா என்னெண்டு தெரியுமே?"

"பழக்கிப் பாருங்கோ."

அவர் கைபேசியை எடுத்தார். முகநூலில் சிறுத்தைப் பல்லி வளர்ப்பவர்களுக்கென்றே ஒரு குழு இருந்தது. நாற்பதாயிரம் பேர். தெரிந்த இங்கிலீசில் நாலு வரி எழுதினார். ஐந்து நிமிடத்தில் பதினொரு பதில்! ஜேர்மனியில் ரயில் ஓட்டும் ஒருவர், கனடாவில் ஒரு தாதி, பிரேசிலில் கைகூப்பி நிற்கும் ஒரு அம்மா. சண்முகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய சொந்தத் தம்பி லண்டனிலிருந்து வாட்ஸ்அப்பில் 'பார்த்தாயிற்று' என்று காட்டும் இரண்டு நீலக் கோடுகளைத் தவிர வேறு பதில் அனுப்பியதில்லை.

எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். பூச்சி கொடு, இன்றைக்கே கொடு.

மறுநாள் வெங்காயத் தோட்டத்தில் தத்தித் தாவும் தத்துவெட்டிப் பூச்சி ஏழைப் பிடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் கால் வைக்கவும், "இஞ்சாருங்கோ, இந்தக் கற்பூரத் தட்டை ஒருக்காப் பிடியுங்கோ" என்று சாமியறையிலிருந்து குரல் வந்தது. குனிந்து வாங்கினார். ஏழும் பாய்ந்தன. ஒன்று போய் முருகனின் வேலில் குந்திக்கொண்டது.

"ஒண்டும் சாகாமல் பிடிச்சு வெளியிலை விடுங்கோ!"

ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. ஆறை விட்டார். ஏழாவதை மெதுவாகப் பெட்டிக்குள் விட்டார். பல்லி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தத்துவெட்டி பல்லியின் தலைமேல் ஏறி வசதியாக இருந்துகொண்டது.

"மலச்சிக்கல்" என்றார் கனடாத் தாதி. "இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருத்துங்கள்."

இருத்தினார். எடுத்த சட்டி வெள்ளிக்கிழமைப் பொங்கல் சட்டி என்பது அவருக்குத் தெரியாது. குணலட்சுமிக்குத் தெரியும். இரண்டு நாள் அவள் அவரோடு கதைக்கவில்லை.

"தினமும் நிறுத்துப் பாருங்கள், மெலிகிறதா என்று தெரியும்" என்றார் ரயில்காரர். கடைத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அறுபது கிராம். நாலு நாள் கழித்து அறுபத்தெட்டு.

சண்முகநாதன் தராசைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தார். அறுபத்தெட்டுத்தான். பூசணிக்காய் போட்டபடியே கிடந்தது. பச்சைத் தண்ணீர்தான் ஆகாரம். பிறகு எப்படி?

நாற்பதாயிரம் பேரும் குழம்பிப் போனார்கள். தராசு பிழை என்றார் ரயில்காரர். சண்முகநாதன் வேறு தராசு எடுத்தார், எழுபத்து மூன்று. வயிற்றில் முட்டை வைத்திருக்கிறது என்றார் தாதி. அது ஆண் என்றார் பிரேசில் அம்மா. அதோடு அவர்கள் இருவருக்கும் சண்டை மூண்டது. "என்னாலை சண்டை பிடிக்காதேங்கோ" என்று தமிழிலேயே எழுதினார் சண்முகநாதன். அதற்கும் முந்நூறு பேர் இதயம் போட்டார்கள்.

கடைசியில் எல்லாரும் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். உடம்பில் நீர் கட்டுகிறது, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போ.

மறுநாள் மாப்பிள்ளை பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். சண்முகநாதன் அரைநாள் லீவு போட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்கு ஓடி வந்தார். குணலட்சுமி நல்லூருக்குப் போயிருந்தாள். பல்லியைப் பனையோலைக் கடகத்துக்குள் வைத்துத் துவாயால் மூடிக்கொண்டு பின்வீட்டுக்கு விரைந்தார். அங்கே மரியநாயகியின் புருசனிடம் ஓட்டோ இருந்தது.

"பிள்ளை, அவர் நிக்கிறாரே? அவசரம். இது சாகப்போகுது."

மரியநாயகி துவாயை விலக்கிப் பார்த்தாள். பல்லி தலையைத் தூக்கி, அவளைக் கண்டு ஆவென்று வாயைத் திறந்தது. அவள் அடுப்படியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வந்தாள். உள்ளே தத்துவெட்டிகள் துள்ளின. ஒன்று, இரண்டு, மூன்று... பன்னிரண்டையும் பல்லி கண் மூடித் திறப்பதற்குள் விழுங்கிவிட்டு உதட்டை நக்கியது.

சண்முகநாதன் வெறும் போத்தலையும் பல்லியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனண்ணை முழுசுறியள்?" என்றாள் மரியநாயகி. "மனிசன் பூசணிக்காயைப் போட்டுப் பல்லியைப் பட்டினி கிடத்துறாரெண்டு குணலட்சுமி அக்கா உந்தப் பல்லிக்காரரின்ரை குழுவிலை ஒராளுக்குத் தனிய எழுத, 'மத்தியானத்திலை அடுத்த வீட்டிலை வைச்சுப் பூச்சியைத் தீத்துங்கோ, அந்தக் கொடுமைக்காரனுக்கு மட்டும் சொல்லாதேங்கோ' எண்டு அந்த ரயில்காரர்தானே வழி சொல்லிக் குடுத்தவர்!"